வெட்டச் சொன்னாள் அத்தை

அத்தையின் காலைப் பார்க்கத்தான் நான் இலங்கைக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. திருச்சியில் எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் எல்லாத் தலைகளும் என் பக்கம்தான் திரும்பும். ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கும் சொந்தக்காரர்களிடம் சும்மாவும் பார்க்கிற வேலைக்குப் பெயர்தான் நர்ஸ் வேலை. அப்பாவின் தங்கைக்குச் சர்க்கரை நோயில் கால் விரல் கறுத்துப்போய்ப் பதுளையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று போன் வந்ததும் அப்பா என்னைப் பார்த்தார். "நீ போய்ப் பாத்துட்டு வந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார். வாலிபத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர் அவர். கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்ட தங்கையை அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. நான் அத்தையை வீடியோ காலில் மட்டும் பார்த்தவள். அதிலும் பாதி நேரம் அவளுடைய நெற்றியும் தகரக் கூரையும்தான் தெரியும்.

பதுளையில் இறங்கியபோது தூறிக்கொண்டிருந்தது. திருச்சி வெயிலில் வெந்த உடம்புக்கு அந்தக் குளிர் இரண்டு நிமிடம் சுகமாக இருந்தது. பிறகு பல் தந்தியடித்தது. பஜாரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்து, "பாய், ரெண்டு பரோட்டா, சால்னா நிறைய ஊத்துங்க" என்றேன். கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இந்தியாவா? இங்க எங்கள நானான்னு சொல்லுவாங்க. சால்னான்னா எங்களுக்கு வெளங்காது. ஆணம் இருக்கு, ஊத்தவா?" ஊற்றினார். தேங்காய்ப்பாலும் மிளகாயும் சேர்ந்து கண்ணில் நீர் வந்தது. எதற்காக வந்தேன் என்று விசாரித்தார், சொன்னேன். "காலுக்கு ஒண்ணும் ஆகாது, துஆ செய்றோம்" என்று சொல்லி, அத்தைக்கென்று இரண்டு ரொட்டியும் கட்டசம்பல் என்கிற காரமான மிளகாய்த் துவையல் கொஞ்சமும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி சிங்களத்தில் ஏதோ கேட்டார். நான் தமிழில் பதில் சொன்னேன். இருவரும் குரலை உயர்த்திப் பார்த்தோம், பலனில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் எனக்கு விளக்கினாள்: நோயாளிகளைப் பார்க்கும் நேரம் இன்னும் வரவில்லையாம், ஓரமாக நிற்க வேண்டுமாம். இருபது வருடங்களுக்கு மேலாக நான் மற்றவர்களை ஓரமாக நிற்கச் சொல்லிக்கொண்டிருந்தவள். அன்று நானே நனைந்த கோழி மாதிரி ஓரமாக நின்றேன்.

வார்டில் அத்தை ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள். வீடியோவில் பார்த்ததை விடச் சின்ன உருவம். என்னைப் பார்த்ததும், "அண்ணே மூக்கு அப்புடியே ஒட்டியிருக்கு புள்ள" என்று என் மூக்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. விரிப்பைச் சரிசெய்தேன். பாதக் கட்டை மேலாகப் பார்த்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கிய மருந்து வேகமாகப் போவதாகத் தோன்றவே, குழாயின் சக்கரத்தில் கை வைத்தேன்.

"அக்கா, அதத் தொடாதீங்க. அது கணக்காத்தான் போவுது."

திரும்பினால் ஒரு நர்ஸ், தலையில் வெள்ளைத் தொப்பி, வெள்ளை உடுப்பு. எங்கள் ஊரில் அந்தத் தொப்பி போய் எவ்வளவோ காலமாகிறது. "ஸாரி சிஸ்டர், நானும் ஸ்டாஃப் நர்ஸ்தான்" என்றேன்.

"சிஸ்டர் அந்தா அங்க உக்காந்திருக்காங்க, எங்க இன்சார்ஜ். நான் வெறும் மிஸ்ங்க. வந்ததும் வராததுமா எனக்குப் பதவி உயர்வு குடுத்துட்டீங்களே" என்று சிரித்தாள். பெயர் யோகேஸ்வரி. வார்டுக்கே அவள் யோகா மிஸ். எங்கள் ஊரில் மிஸ் என்றால் கணக்கு டீச்சர்.

அன்று மாலை ஒரு கூத்து நடந்தது. நான் தண்ணீர் பிடித்து வருவதற்குள் எதிர்க் கட்டில் காலியாகியிருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் என்னைப் பார்த்துச் சிரித்த பெண்மணி அதில் இல்லை. "எங்க அவங்க?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா உற்சாகமாக, "அவங்களுக்கு டிக்கட் வெட்டியாச்சுங்க!" என்றாள். எங்கள் பக்கம் ஒருவர் டிக்கெட் வாங்கிவிட்டார் என்றால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். வராந்தாவில் பையோடு நின்ற அவளுடைய மகளின் கையைப் பிடித்து, "மனச தேத்திக்கம்மா" என்றேன். அவள் விழித்தாள். அவளுக்குப் பின்னாலிருந்து, முடியைச் சீவிப் பவுடர் போட்டுக்கொண்டு, அந்தப் பெண்மணியே எட்டிப் பார்த்தாள். இங்கே டிக்கட் வெட்டுவது என்றால் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதாம். கட்டில் தலைமாட்டில் தொங்கும் சீட்டுக்கு டிக்கட் என்று பெயராம். யோகா மிஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலையில் டாக்டர் வந்தார். சின்ன வயது, பொறுமைசாலி. அவர் சிங்களத்தில் சொல்ல யோகா மிஸ் தமிழில் சொன்னாள். "ரெண்டு வெரலு செத்துப்போச்சும்மா, பெருவெரலும் அடுத்ததும். அத எடுத்தாத்தான் பாதம் மிஞ்சும். விட்டா மேல ஏறிரும். எடுக்கவான்னு டொக்டர் கேக்கறாரு." அத்தை தன் பாதத்தைப் பார்க்கவேயில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "ரோசன பண்ணிச் சொல்றேங்க" என்றாள். நாளை மறுநாள் காலைக்குள் சொல்ல வேண்டும், அதற்கு மேல் தள்ளினால் விரலோடு போகாது, கணுக்கால் வரைக்கும்கூட எடுக்க வேண்டி வரலாம் என்றார் டாக்டர். கட்டுப் பிரித்தபோது நானும் பார்த்தேன். அவர் சொன்னது சரி. நர்ஸாக எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மருமகளாகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மத்தியானம் நான் சோற்றுப் பார்சல் வாங்கிக்கொண்டு திரும்பியபோது அத்தை என் கையைப் பிடித்து இழுத்தாள். "புள்ள, மிஸ்கிட்டப் போயி சொல்லு. இன்னைக்கே வெட்டச் சொல்லு. சும்மா போட்டு வச்சுக்கிட்டு என்னாத்துக்கு?"

நான் அசந்துபோனேன். "பயமா இல்லையா அத்தை?"

"என்னா பயம்? எல்லாரையும் வெட்டி வெட்டித்தானே அனுப்புறாங்க. வெட்டி விட்டாங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்தேன். அப்பாவுக்கு அங்கிருந்தே போன் போட்டு, "உங்க தங்கச்சி சிங்கம்ப்பா, தானே கேக்கறாங்க" என்றேன். பிறகு யோகா மிஸ்ஸிடம் போய், "அத்தை சம்மதம் சொல்லிட்டாங்க, வெட்டச் சொல்றாங்க" என்றேன். ஊசித் தட்டோடு போய்க்கொண்டிருந்தவள் நின்றாள்.

"அவங்களாச் சொன்னாங்களா?"

"அவங்களேதான்."

தட்டை வைத்துவிட்டு நேராக அத்தையிடம் போனாள். "என்னம்மா, வெட்டச் சொன்னீங்களாம். எத?"

"டிக்கட்டத்தாங்க மிஸ். வேற எத வெட்டுவாங்க?"

வார்டே சிரித்தது. நேற்று டிக்கட் என்றால் என்னவென்று பாடம் படித்தவள், இன்று டிக்கட் என்ற சொல் இல்லாமல் வந்ததும் கோட்டை விட்டேன். அத்தையும் முதலில் சிரித்தாள். யோகா மிஸ் மெதுவாக, "அக்கா அத வெரலுன்னு நெனச்சுக்கிட்டாங்க" என்றதும் அந்தச் சிரிப்பு நின்றது. அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்கண்ணன் இதுக்கா ஒன்ன அனுப்புச்சு? வந்து ரெண்டு நாளாவல, எங்கால வெட்டச் சொல்லிட்டியா?" சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் என்ன சொல்லியும் பேசவில்லை. பார்சலையும் தொடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பேச்சு நின்றுபோனால் சம்மதம் எங்கேயிருந்து வரும்?

யோகா மிஸ் வேலை முடிந்து வராந்தா மூலையில் நின்றுகொண்டே சாப்பிட்டாள். பொழுது சாயப்போகிற நேரத்தில் அதுதான் அவளுக்கு மத்தியானச் சாப்பாடு. எங்கள் ஊரிலும் அப்படித்தான். நர்சுகள் உட்கார்ந்து சாப்பிடும் நாட்டை இனிமேல்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே அவளுக்கு நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. எனக்கும் அதே காலில்தான்.

"இதுக்குப் போயி மனச விடாதீங்க அக்கா. எனக்குத் தெனமும் இதுதான் வேல" என்றாள். அவள் படித்தது ஆங்கிலமும் சிங்களமுமாக. பேசுவது தமிழ். மற்ற வார்டுகளிலிருந்தும், மிஸ் கொஞ்சம் வாங்க என்று ஆள் வரும். போய்ச் சொல்லிவிட்டு வருவதற்குள் தன் வார்டில் வேலை குவிந்துவிடும். "ஒரு ஆளு நெஞ்ச அடைக்குதுன்னு சொன்னா, அது மூச்சா, காத்தா, கவலையான்னு மாத்தி மாத்திக் கேட்டுட்டுத்தான் டொக்டர்கிட்டச் சொல்லுவேன். தப்பாச் சொல்லிட்டா மருந்து தப்பாப் போயிருமே. ஊசி போடுறது லேசு அக்கா. இதுதான் பயம்."

"அத்தை ஏன் வேணாங்கறாங்க?"

"கேட்டேன், சொல்ல மாட்டேங்கறாங்க. வெக்கப்படுற விசயமா இருக்கும். இங்கயே நின்னு கேட்டா ஒண்ணும் வராது. அவங்க வீட்டுக் காம்பராவப் போயிப் பாருங்க."

அத்தையின் மகன் கொழும்பில் கடை வேலையில் இருக்கிறான். அவன் மனைவி செல்வி தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அன்று மாலை அவள் மாமியாரைப் பார்க்க வந்தாள், இரவு பதுளையில் தெரிந்தவர்கள் வீட்டில் இருவரும் தங்கி, மறுநாள் காலையில் கொஸ்லந்த பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினோம். பக்கத்துக் கட்டில் அம்மா அத்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

பஸ்ஸில் சிங்களப் பாட்டு காதைக் கிழித்தது. பெரகல சந்திக்குப் பக்கத்தில் எஞ்சினிலிருந்து புகை வந்து வண்டி நின்றது. எங்கள் ஊராக இருந்தால் கண்டக்டரை இந்நேரம் ஒரு கூட்டம் சுற்றி வளைத்திருக்கும். இங்கே எல்லோரும் பேசாமல் இறங்கிக் கடைக்குப் போய்ப் பால் இல்லாத தேநீரை இஞ்சி போட்டு வாங்கிக் குடித்தார்கள். கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் தேநீர். அந்தப் பனிமூட்டத்துக்கு அது அமிர்தம். அடுத்த பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். கண்டக்டர் சிங்களத்தில் சொன்னதைச் செல்வி சொன்னாள்: "அது தெரிஞ்சிருந்தா அவரு எப்பவோ மந்திரி ஆயிருப்பாராம்."

ஒருவழியாக வந்த அடுத்த பஸ் இறக்கிவிட்ட இடத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்துக்கு ஏற்றம். செல்வி பேசிக்கொண்டே ஏறினாள். நான் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய காம்பராக்களில் கடைசி அத்தையுடையது. ஒரே அறை, முன்னால் சமையலுக்கு ஒரு ஒதுக்கு. சுத்தமாக மெழுகிப் பளபளவென்று இருந்தது. சுவரில் சாமி படங்களுக்கு நடுவில் என் கல்யாணப் போட்டோ. நான் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கக்கூஸ் எங்கம்மா?" என்று கேட்டபோதுதான் விசயம் விளங்கியது. அது லயத்துக்குக் கீழே, மண்ணை வெட்டிச் செதுக்கிய செங்குத்துப் படிகளுக்கு அப்பால் இருந்தது. மழையில் படிகள் சோப்பு மாதிரி வழுக்கின. என் பாட்டா செருப்போடு இறங்கி, நடுவில் சறுக்கி, சேலையோடு உட்கார்ந்தேன். எழுந்து இன்னொரு முறையும் உட்கார்ந்தேன். செல்வி செருப்பைக் கழற்றச் சொன்னாள். வெறுங்காலோடு பெருவிரலை மண்ணில் ஊன்றி ஊன்றி இறங்கிக் காட்டினாள். சர்க்கரை நோயாளிகளிடம், வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடங்கள் என்று தினமும் பாடம் எடுப்பவள் நான். அந்தப் பாடத்தை இந்தப் படியில் நின்று ஒருவரும் எழுதவில்லை.

"மாமிக்குக் கத்திக்குப் பயமில்ல அக்கா" என்றாள் செல்வி. "பெருவெரலு போச்சுன்னா இதுல எறங்க ஏலாது. நான் பெரட்டுக்குப் போயிட்டா யாரு கூட்டிப் போவா? ஒருக்கா காய்ச்ச வந்தப்ப நான்தான் தூக்கிட்டுப் போனேன். அன்னைக்கு முழுக்கச் சாப்பிடல. தண்ணிகூடக் குடிக்கல, திரும்பப் போக வேண்டி வந்துருமேன்னு."

பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம். அங்கே தாமதமானால் அன்றைய வேலை போனது போனதுதான். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை பேரை நான் கழிவுச் சட்டியில் உட்கார வைத்திருப்பேன், திரையை இழுத்துவிட்டு, சீக்கிரம் ஆகட்டும் என்று அவசரப்படுத்தியிருப்பேன். கட்டிலில் இருப்பவருக்கு அது எப்படியிருக்கும் என்று அந்தப் படியில்தான் உறைத்தது.

சும்மா இருக்கவும் முடியவில்லை. "பிடிச்சுக்க ஒரு கம்பி இருந்தா இறங்கலாமே?" என்றேன்.

"அவரு கொழும்புலேர்ந்து வந்தா நடுவாரு."

"அவரு வர்ற வரைக்கும் நாம என்ன பண்றோம்?"

செல்வி சிரித்தாள். மூங்கில் கொண்டுவந்தாள். நான் பிடித்துக்கொள்ள, அவள் கடப்பாரையால் குழி போட்டு நட்டு, நைலான் கயிற்றால் குறுக்குக் கழிகளைக் கட்டினாள். பக்கத்துக் காம்பராப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்து, "இந்தியாக்காரம்மா பிடிக்கிற பிடியப் பாரு, கோணிக்கிச்சு" என்று கேலி செய்து, கடைசியில் அவர்களும் ஆளுக்கொரு கழியைப் பிடித்தார்கள். கைப்பிடி கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஆடவில்லை. ராத்திரி சுடச்சுட ரொட்டியும் கருவாட்டுக் குழம்பும். கை எரிய எரியச் சாப்பிட்டேன்.

மறுநாள் விடியற்காலை பஸ் பிடித்துப் பதுளைக்குத் திரும்பி, டாக்டர் வருவதற்கு முன் வார்டுக்குள் ஓடினேன். அத்தை சுவர்ப் பக்கம்தான் படுத்திருந்தாள். கையெழுத்து, ஆபரேஷன் என்ற பேச்சையே எடுக்கவில்லை. "கக்கூசுக்குப் போற படியப் பாத்தேன் அத்தை. ரெண்டு தடவ வழுக்கி உக்காந்துட்டேன்" என்றேன்.

அவள் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள். திரும்பினாள். "சேலையெல்லாம் சேறாயிருச்சா?"

"ஆமா. மூங்கில்ல கைப்பிடி கட்டியிருக்கோம். செல்வி கட்டுனா, நான் பிடிச்சேன். கோணலா இருக்கு."

அத்தை என் உள்ளங்கையை இழுத்துப் பார்த்தாள். கயிறு அறுத்த கோடு இருந்தது. அதைத் தடவிக்கொண்டே கேட்டாள். "நெசத்தச் சொல்லு. வெரலக் குடுத்தா காலு மிஞ்சுமா?"

மிஞ்சும் என்று சொல்ல நாக்கு துடித்தது. எல்லா நர்சுக்கும் துடிக்கும். யோகா மிஸ் கட்டில் தலைமாட்டில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஞ்சும்னுதான் நெனக்கிறோம் அத்தை. சத்தியம் பண்ண முடியாது. ஆனா விட்டா நிச்சயமா மிஞ்சாது."

"மறுபடி நடப்பேனா?"

"மெதுவா. மொதல்ல குதிகால ஊனி."

அத்தை யோகா மிஸ்ஸைப் பார்த்தாள். "மிஸ், டொக்டரக் கூப்புடுங்க. வெரல எடுக்கச் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, என்னைப் பார்த்துக்கொண்டே, "நல்லாக் கேட்டுக்க. வெரல" என்றாள்.

விரல்களை எடுத்தார்கள். புண்ணால் வந்திருந்த காய்ச்சல் இறங்கியது. புண்ணின் ஓரம் சிவந்து நல்ல சதை தெரிய ஆரம்பித்தது. யோகா மிஸ் கட்டு மாற்றும்போதெல்லாம் நான் அத்தையின் முகத்தைத்தான் பார்த்தேன். ஒரு முனகல் இல்லை. கழிவுச் சட்டியைக் கொண்டுபோகும்போது மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். நான் அவசரப்படுத்தாமல் திரைக்கு வெளியே நின்றேன்.

நான் ஊருக்குக் கிளம்ப வேண்டிய நாள் வந்தது. அன்று காலை டாக்டர், குதிகாலில் எடை வைத்து நடக்கலாம் என்றார். யோகா மிஸ் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து நிறுத்தினோம். அத்தை நடுங்கினாள். ஒரு அடி வைத்தாள். வார்டுக் கோடியில் இருந்த கழிவறையைத் தாடையால் காட்டினாள். அங்கே போக வேண்டுமாம். ஒவ்வொரு கட்டிலாகப் பிடித்துப் பிடித்துப் போனோம். கதவருகில் நானும் உள்ளே நுழையப் போனேன்.

"நீ எங்க வர்ற? கைய விடு."

விட்டேன். "தாழ்ப்பா போடாதீங்க அத்தை, விழுந்தா திறக்க முடியாது" என்றேன். எந்த ஆஸ்பத்திரியிலும் இதைச் சொல்லாமல் ஒரு நோயாளியை நாங்கள் உள்ளே விடுவதில்லை.

அவள் கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் கையைக் கதவு வரைக்கும் கொண்டுபோய், தட்டாமல் இறக்கிக்கொண்டேன்.